சங்கிலியில் தொங்கிய சட்டை

சட்டையை மடித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மிஷன் பள்ளி விடுதியில் நாற்பது பையன்களுக்கு ஒரே அலமாரி. கை இரண்டையும் பின்னால் மடக்கி, காலர் மேலே தெரியும்படி நாலாக மடித்தால்தான் இடம் கிடைக்கும். இப்போதும் எந்தச் சட்டை கிடைத்தாலும் என் கை அப்படித்தான் மடிக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்பெக்டர் என்னிடம் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வியே இந்த மடிப்பைப் பற்றியதுதான்.

பெயர் இன்னாசிமுத்து. வயது நாற்பத்தெட்டு. திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பம்பாய்க்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. குடியிருப்பு தாராவி. தொழில், கார் பாடி மிஸ்திரி. நான் சொல்ல ஒருவர் எழுதி, அதை இன்னொருவர் மராத்தியில் மாற்றினால் அளவுகள் தப்பிப்போகும். அதனால் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். இங்கே ஸ்டேஷனில் யாரும் என்னை அடிக்கவில்லை. காலையில் டீயும் பன்னும் கொடுத்தார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய பெரிய கார்களில் அடியில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். சேஸிஸ் என்போம். என்ஜினும் சக்கரங்களும் அதில்தான். மேலே ஆட்கள் உட்காரும் கூடு தனி. அது பாடி. நடுவே ரப்பர் பட்டைகள் வைத்து, பாடியைச் சேஸிஸின்மேல் இறக்கி, பன்னிரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சேஸிஸ் ஓரிடத்தில் வளைந்தாலும் பாடி கோணிவிடும், கதவுகள் சரியாகச் சாத்தாது. அப்போது பாடியைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி, கீழே சட்டத்தை நெருப்புக் காட்டி நேராக்கி, மறுபடி இறக்க வேண்டும். மேல் துளையும் கீழ்த் துளையும் ஒன்றின்மேல் ஒன்று நிற்க வேண்டும். ஒரு நூல் பிசகக் கூடாது. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இன்னாசி இறக்கிய பாடி நூல் பிசகாது என்று மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை சொல்வார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை.

துளைகளைப் பார்க்க வேண்டுமானால், தூக்கிய பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே தலையையும் தோளையும் விட்டு விரலால் தடவ வேண்டும். 1952-இல் ஒருவன் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது, அது தெரியாமல் வேறொருவன் சங்கிலியை இளக்கிவிட்டான். இரண்டு விரல் போயிற்று. அதன் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் ஒரு விதி போட்டேன். உள்ளே தலை விடுகிறவன் முதலில் தன் சட்டையைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். சட்டை தொங்கும்வரை சங்கிலியை ஒருவரும் தொடக் கூடாது, முதலாளி சேட்டே வந்து சொன்னாலும். பன்னிரண்டு வருஷம் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. எல்லோருடைய சட்டைக் காலரிலும் கிரீஸ் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான். என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த அய்யாத்துரையின் மனைவி ஆறுமுகத்தாய் ஒருமுறை எங்கள் வீட்டில் வைத்தே அவனைக் கேட்டாள்:

"ஒர்க்‌ஷாப்புல சங்கிலியா கெடக்கு, இல்ல கண்மையா? தெனமும் கழுத்துல தீட்டிட்டு வாரீரே, யாருக்குக் காட்ட?"

என் மனைவி அன்னமேரி சிரித்துச் சிரித்து இருமினாள். அய்யாத்துரையும் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

இனி வண்டி. 1938-ஆம் வருஷத்துப் பெரிய கார். மாட்டுங்காவில் குடியிருக்கும் அனந்தகிருஷ்ணன் என்ற கம்பெனி அதிகாரிக்குச் சொந்தம். அந்த மாடலில் பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். ஓடும்போது கதவு சற்றே விலகினால் போதும், எதிர்க்காற்றே அதை முழுவதும் திறந்துவிடும். அதனால் கதவின் கொண்டியும் அது மாட்டும் தூணும் சரியாகப் பொருந்த வேண்டும்.

1959-இல் அந்த வண்டி கிங்ஸ் சர்க்கிளில் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி எங்களிடம் வந்தது. வலது பின்பக்கம் சேஸிஸ் மூன்று நூல் வளைந்திருந்தது. நேராக்க நாலு நாள் வேண்டும். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. நான் வியாழக்கிழமை மதியம் உட்கார்ந்து, நாலு துளைகளை உருண்டை அரத்தால் நீளவாக்கில் ராவினேன். வட்டத் துளை முட்டை வடிவமாயிற்று. பாடியை மூன்று நூல் தள்ளி வைத்து போல்ட்டை முடுக்கினேன். சட்டம் வளைந்தபடியே இருந்தது. கதவுகள் சாத்தின. அவசரத்துக்கு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்வதுதான்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு துளையை முடித்ததும் அதன் பக்கத்தில் ஊசியால் சின்னச் சிலுவை கீறுவேன். எங்கள் வீட்டில் பெண்கள் மாவு பிசைந்து முடித்ததும் அதன்மேல் சிலுவை போடுவார்கள். அந்த மாதிரி. இந்த நாலு துளைகளுக்கும் கீறினேன். யோசித்துச் செய்ததில்லை, கை செய்துவிட்டது.

வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது அனந்தகிருஷ்ணனின் மனைவி நாகலக்ஷ்மி அம்மாள் வாசலுக்கு வந்து பின்கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

"ஒத்தை விரலால தள்ளினாலே சாத்திண்டுடறதே! முன்னே இடிச்சு இடிச்சுன்னா சாத்துவோம். இருப்பா, காப்பி கொண்டு வரச் சொல்றேன்."

காப்பி நன்றாக இருந்தது.

முட்டைத் துளையில் போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் காலப்போக்கில் இளகும். வண்டி திரும்பும்போதெல்லாம் பாடி சட்டத்தின்மேல் துளித்துளியாக நகரும். அஞ்சு வருஷம் நகர்ந்தது. இந்த வருஷம் பிப்ரவரியில், சயான் திருப்பத்தில், பின்கதவு தானாகத் திறந்து நாகலக்ஷ்மி அம்மாள் ரோட்டில் விழுந்தார்கள். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

டிரைவர் பூலோகத்தைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தாமல் வண்டியை எடுத்தான் என்று வழக்கு. சாத்தினேன், சாத்திவிட்டு எப்போதும்போல இரண்டு தட்டுத் தட்டினேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கொண்டியைச் சோதித்தவர்கள் பழுதில்லை என்றார்கள். கொண்டியில் பழுதில்லைதான். ஜாமீன் கட்ட ஆளில்லாமல் அவன் ஜெயிலில் கிடந்தான். பூலோகம், ஆறுமுகத்தாயின் தம்பி. அய்யாத்துரைக்கு மச்சினன்.

செய்தி கேட்ட அன்றே எனக்குக் காரணம் தெரியும். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பூலோகத்துக்கு மிஞ்சிப்போனால் ஒன்றரை வருஷம் கிடைக்கும். இருபத்தைந்து வயசுப் பையன், வெளியே வந்து மறுபடி வண்டி ஓட்டுவான். ஒரு மிஸ்திரியின் பெயர் போனால் அப்படித் திரும்பி வராது. நான் பாடி இறக்கிய வண்டிகள் இந்த ஊரில் நூறுக்குமேல் ஓடுகின்றன. அவற்றில் போகிறவர்கள் எல்லோரும் பயந்துகொண்டே போக வேண்டியிருக்கும். அது அவர்களுக்குச் செய்கிற நன்மையாகாது என்று எனக்குப் பட்டது.

ஜூலையில் அந்த வண்டி மறுபடி எங்களிடம் வந்தது. அனந்தகிருஷ்ணனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய கார்களைச் சேர்க்கும் காட்கோபர் சேட் ஒருவர், கதவுகளைச் சரியாக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இது எனக்கு வசதியாக இருந்தது. யார் கண்ணிலும் படாமல் சட்டத்தை நேராக்கி, முட்டைத் துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, புதுத் துளை போட்டுவிடலாம். வண்டியும் ஒழுங்காகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை அய்யாத்துரையை, என்ன கலர் வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லி, காட்கோபருக்கு அனுப்பினேன். மற்ற ஆட்களை வைத்துப் பின்பக்கத்தை இரண்டடி தூக்கினேன். முன்பக்கம் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது, பின்பக்கம் சங்கிலியில் நின்றது. சங்கிலி நழுவினாலும் தாங்கும்படி வலதும் இடதும் ரயில்வே சிலீப்பர் கட்டைகளைச் செருகினேன். ஒரு மணிக்குப் பெயிண்டரும் இன்னும் இருவரும் தொழுகைக்குப் போனார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் மண்ணெண்ணெய் ஊற்றித் துளைகளைத் துடைத்தேன். அழுக்கை அப்படியே விட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். வேலையைச் சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்பது என் வழக்கம்.

அப்போது அய்யாத்துரை வந்து நின்றான். சாயங்காலம்தான் வருவான் என்று நினைத்திருந்தேன். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரயில் லைன்ல தண்ணி அண்ணாச்சி. சயான்லயே எல்லாரயும் எறக்கி விட்டுட்டான். முட்டளவு தண்ணியில நடந்து வாரேன்." தூக்கியிருந்த பாடியைப் பார்த்தான். "என்ன, நான் இல்லாமயே தூக்கியாச்சா? அப்பம் நான் எதுக்கு, கலர் கேக்கவா?"

நான் பதில் சொல்லுமுன் குனிந்து கையை விட்டுவிட்டான். அவன் முகம் என் பக்கம் இருந்தது. விரல் துளைக்குள் போனதும் சிரிப்பு நின்றது. அடுத்த துளைக்குப் போனான்.

"அண்ணாச்சி, விரலு நீளவாக்குல ஓடுது."

"பழைய வண்டிலா. தேஞ்சிருக்கும்."

"தேஞ்சா இப்பிடித் தேயாது. இது அரம் போட்டது." கையை வெளியே எடுத்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "அப்பம் பாடி நவுந்திருக்கு. பூலோகம் சாத்திட்டுத்தான் எடுத்திருக்கான். அய்யோ, நான் ஜெயில்ல போயி அவன ஏசிட்டுல்லா வந்தேன். உண்மையச் சொல்லுல, சாத்தாம எடுத்துட்டு எதுக்குலே பொய் சொல்லுதன்னு. அண்ணாச்சி, அவன் அழுதான்."

அவன் துணியை எடுத்து இன்னொரு தடவை துடைத்தான். மெதுவாக என்னைப் பார்த்தான்.

"இது உங்க சிலுவைலா."

"ஆமா."

"எப்பம்?"

"அம்பத்தொம்பதுல. கல்யாண வீடு, வண்டி ஒடனே வேணும்னு நின்னாங்க."

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது. அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"இப்பிடி ஆவும்னு தெரிஞ்சா செஞ்சீய? யாருக்குத் தெரியும். ஆனா திங்கக்கெழம கேசு அண்ணாச்சி. வக்கீல்ட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா ஜட்ஜு கேப்பாரு."

"சரிலே, வாரேன்," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. அலுவலக மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துவந்தான். துளையின்மேல் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தால் வடிவம் அப்படியே விழும், வக்கீலுக்குக் காட்டலாம் என்றான். நல்ல யோசனைதான். நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன், வேறு வேலைக்காக.

ஈரச் சட்டையைக் கழற்றிச் சங்கிலியில் மாட்டினான்.

"அந்தக் கட்டையளக் கொஞ்சம் உருவுங்க அண்ணாச்சி. தாள் விரிக்க எடங் காணாது."

உருவினேன். வலதையும் உருவினேன், இடதையும் உருவினேன். இரண்டும் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சட்டை தொங்கிக்கொண்டிருந்தது அல்லவா. தோள்வரை உள்ளே போனான்.

அதற்கடுத்த ஒன்றிரண்டு நிமிஷத்தைக் கடைசியில் எழுதுகிறேன். பிறகு நடந்ததை முதலில் முடித்துவிடலாம்.

சங்கிலி நழுவிவிட்டது என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். கப்பி பழையது. அதை எல்லோரும் சொன்னார்கள். அவன் தேய்த்த தாளை, கத்துவதற்கு முன்னமே எடுத்து டீ அடுப்பில் போட்டிருந்தேன். மறுநாள் பாடையின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன். அன்னமேரி மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். திங்கட்கிழமை பூலோகத்துக்குப் பதினெட்டு மாசம் தீர்ப்பாயிற்று. நான் யோசித்து வைத்ததற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வண்டியையும் முடித்துவிட்டேன். இந்த முறை நாலு நாள் எடுத்து, நெருப்புக் காட்டி, சட்டத்தை நேராக்கினேன். பழைய துளைகளை அடைத்துப் புதிதாக வட்டத் துளைகள் போட்டேன். சிலுவைகளையும் சாணை பிடித்து எடுத்துவிட்டேன். காட்கோபர் சேட் நாலு கதவுகளையும் சாத்திப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது நீங்கள் அந்தப் பாடியைத் தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பூலோகம் கதவைச் சாத்தினான் என்பதற்கு இந்தக் காகிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாத்தினான். எழுதிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து அய்யாத்துரையின் சாமான்களை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். டிபன் டப்பா, செருப்பு, சட்டை. பதினேழு நாள் கழித்து என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஆறுமுகத்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சட்டை. பிரிக்காமலே கொண்டுவந்திருந்தாள். ஈரத்தில் மடித்தபடி காய்ந்து, மடிப்புகளில் பூசணம் பிடித்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடமே பேசினாள். ஒரு கான்ஸ்டபிள் மராத்தியில் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு சட்டைய மடிச்சதே கெடயாது சார். சுருட்டி எறியுத மனுசன். அதும் ஈரச் சட்டைய யாராவது மடிப்பாங்களா? அன்னைக்கிக் காலைல தொவச்ச சட்டையத்தான் எடுத்துக் குடுத்தேன். காலரப் பாருங்க, புது கிரீஸு. அப்பம் இது சங்கிலில தொங்கியிருக்கு. அவரு உள்ளதான் இருந்திருக்காரு. தொங்குன சட்டைய எடுத்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாற்காலியின் முதுகில் கிடந்த தன் காக்கிச் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "இசே உதர் ரக் தோ," என்றார். அதை அந்தப் பக்கம் வை என்று அர்த்தம். அலமாரி நாலடி தூரத்தில் இருந்தது. நான் அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அறையில் எல்லோரும் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் பின்னால், காலர் மேலே, நாலு மடிப்பு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். விடுதியைப் பற்றிச் சொன்னேன்.

ஆறுமுகத்தாய் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான போட்டிய அந்தச் சட்டம். அது இருக்குங்கிற தைரியத்துலதான அவர நான் வேலைக்கி அனுப்புனேன்."

இனி அந்த நிமிஷங்கள்.

அவன் உள்ளே போனபின் நான் சங்கிலியிடம் வந்து சட்டையை எடுத்தேன். தண்ணீர் சொட்டியது. மேஜைக்குக் கொண்டுபோய் மடித்தேன். ஈரத் துணி சீக்கிரம் படியாது, கையைத் தட்டித் தட்டி மடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவன் உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருந்தான். நாலு துளையையும் எடுத்துவிடுகிறேன் என்றான். பூலோகம் வெளியே வந்ததும் ஆட்டுக்கறி எடுத்துச் சமைக்க வேண்டும், அன்னமேரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றான். பிறகு சொன்னான்:

"அண்ணாச்சி, சிலுவ மட்டும் தாள்ல விழாமப் பாத்துக்கிடுதேன். நீங்க வக்கீல்ட்ட வரக்கூட வேண்டாம். எவனோ ஒரு மிஸ்திரி செஞ்சதுன்னு இருந்துட்டுப் போட்டும். தொளை ஒண்ணு போதும், அவன் வந்துருவான். உங்க பேரு எதுக்கு வெளிய போவணும்?"

நான் அப்போது காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கேட்டது. மழைச் சத்தத்திலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சட்டையை முக்கால்வாசி மடித்திருந்தேன்.

முடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கப்பியின் பல்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் சின்னக் கொக்கியை நிமிர்த்தினேன். அதை நிமிர்த்தினால் சங்கிலி தானாக ஓடும். அய்யாத்துரையைக் கொன்றது நான்தான்.

ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஆறுமுகத்தாய் ஸ்டேஷனில் பேசியதை, நான் போட்ட விதியை நானே மீறிவிட்டதாகக் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். அப்படியே பதிவாகியிருந்தால் அதை அடித்துவிட வேண்டும். நான் கொக்கியைத் தொட்டபோது சங்கிலியில் சட்டை இல்லை.